கிராண்ட் கேன்யன்: இறங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், அங்கே வேலை பார்ப்பவர்கள், படிக்கப் போனவர்கள் எனப் பலர் அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம். தூரத்தைக் கிலோமீட்டரிலும் வெப்பத்தைச் செல்சியஸிலும் சொல்லியிருக்கிறோம். அங்குள்ள பலகைகள் மைலிலும் ஃபாரன்ஹீட்டிலும்தான் இருக்கும்.

லாஸ் வேகஸிலிருந்து ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்கிறார்களே? கண்ணாடிப் பாலமும் அங்கேதான் இருக்கிறதா? (சேலம் வாசகர்)

நீங்கள் கேட்பது இரண்டு வேறு இடங்கள். 'ஸ்கைவாக்' என்ற கண்ணாடிப் பாலம் 2007-இல் திறக்கப்பட்டது. அது இருப்பது ஹுவாலபாய் பழங்குடியினருக்குச் சொந்தமான 'கிராண்ட் கேன்யன் வெஸ்ட்' பகுதியில். தேசியப் பூங்காவின் அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது, தனிக் கட்டணம். அங்கிருந்து பூங்காவிலுள்ள பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்குக் காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் பாதிப் பகல் சாலையிலேயே கழிந்துவிடும்.

படங்களில் நீங்கள் பார்க்கும் கிராண்ட் கேன்யன் பெரும்பாலும் தெற்கு விளிம்பிலிருந்து எடுத்தது. லாஸ் வேகஸிலிருந்து சுமார் 450 கி.மீ., நாலரை மணி நேரம். போகவர ஒன்பது மணி நேரம் காரில் உட்கார்ந்துவிட்டு, வெயில் உச்சியில் நிற்கும்போது விளிம்பில் ஒரு மணி நேரம் நின்று திரும்புவது வீண். காலை, மாலைச் சாய்வு வெளிச்சத்தில்தான் பாறை அடுக்குகளின் நிறமும் ஆழமும் தெரியும். நண்பகலில் எல்லாம் தட்டையாக, வெளிறிப்போய்க் கிடக்கும். ஓர் இரவாவது தங்குங்கள். பூங்காவுக்குள் அறை கிடைக்காவிட்டால் வாசலிலேயே உள்ள டுஸாயன் ஊர், அல்லது 95 கி.மீ. தள்ளி வில்லியம்ஸ், 130 கி.மீ. தள்ளி ஃப்ளாக்ஸ்டாஃப்.

வடக்கு விளிம்பைத் திட்டத்தில் சேர்க்கும் முன் பூங்காவின் இணையதளத்தைப் பாருங்கள். 2025 ஜூலையில் 'டிராகன் பிராவோ' காட்டுத்தீ அங்கிருந்த புகழ்பெற்ற கிராண்ட் கேன்யன் லாட்ஜை எரித்துவிட்டது.

பெட்ரோலையும் மறக்க வேண்டாம். தெற்கு விளிம்பின் முக்கியக் குடியிருப்பான 'வில்லேஜ்' பகுதியில் பங்க் கிடையாது. டுஸாயனிலோ, கிழக்கே டெசர்ட் வியூவிலோதான் போட முடியும்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் கூட்டிவிட்டார்களாமே? (திருச்சி வாசகி)

ஆமாம். வாடகை காரோ சொந்தக் காரோ, ஒரு வண்டிக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும் என்பது அடிப்படைக் கட்டணம். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்கள், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி உட்பட 11 பூங்காக்களில் இது நடைமுறை. எல்லாப் பூங்காக்களுக்குமான ஆண்டுச் சீட்டு அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். அரிசோனா, யூட்டா என்று சுற்றி மூன்று நான்கு பூங்காக்கள் பார்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாகக் கட்டுவதற்கு முன் ஆண்டுச் சீட்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே வசிப்பவர்கள் அரசு வழங்கிய, படம் ஒட்டிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. மகள் கூட்டிப்போகிறேன் என்கிறாள். நடக்கவே முடியாத எனக்கு அங்கே என்ன இருக்கிறது? (கும்பகோணம் வாசகி)

நிறையவே இருக்கிறது. பள்ளத்தாக்கின் முழு அகலத்தையும் பார்க்க விளிம்புதான் சரியான இடம். கீழே இறங்குபவர்களுக்குக்கூட இந்தக் காட்சி கிடைக்காது.

விசிட்டர் சென்டரில் காரை நிறுத்தினால் மேதர் பாயிண்ட் சில நிமிட நடைதான். அங்கிருந்து யவபாய் புவியியல் அருங்காட்சியகம் வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், சமதளமான தார்ப்பாதை. அருங்காட்சியகத்தின் பெரிய சன்னல் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கிறது. எதிரே தெரியும் ஒவ்வொரு அடுக்கும் என்ன பாறை என்று அங்கேயே விளக்கம் வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்து 'டிரெயில் ஆஃப் டைம்' என்ற பாதை வருகிறது. அதில் ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்ற கணக்கில் வெண்கலக் குறிகள் பதித்து, பள்ளத்தாக்கின் பாறைகளை அவற்றின் வயதுக்கேற்ற இடத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளோடு போக இதைவிட நல்ல பாதை அங்கே இல்லை.

மேற்கே செல்லும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டி விடமாட்டார்கள், இலவச ஷட்டில் பஸ்தான். பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏற்றச் சாய்தளம் உண்டு. பஸ் ஏறி இறங்குவதே சிரமம் என்றால், நுழைவாயிலில் அல்லது விசிட்டர் சென்டரில் மாற்றுத் திறனாளிகளுக்கான வண்டி அனுமதி கேளுங்கள். அதைக் காட்டினால் மூடிய சாலைகளிலும் உங்கள் காரிலேயே போகலாம். திரும்பி வரும் பஸ் எல்லா நிறுத்தங்களிலும் நிற்காது. ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தெற்கு விளிம்பு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், கொடைக்கானல் அளவு. இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்களுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும். மெதுவாக நடங்கள். இன்னொன்று, கம்பித்தடுப்பு சில இடங்களில் மட்டுமே இருக்கிறது. மற்ற இடங்களில் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டராவது உள்ளே நிற்க வேண்டும். படமெடுக்கப் பின்னால் பார்க்காமல் நகர்வதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் தடை செய்துவிடுங்கள்.

நண்பர்கள் நான்கு பேர் ஜூனில் போகிறோம். எல்லோரும் மாரத்தான் ஓடுபவர்கள். அடியில் ஓடும் கொலராடோ நதி வரை இறங்கி அன்றே ஏறிவிடலாமா? எந்தப் பாதை நல்லது? (டாலஸ் வாசகர்)

ஜூனில் வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை இதை முயலாதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே திட்டவட்டமாகச் சொல்கிறது. உடல் தெம்பு உள்ளவர்கள்தான் தங்களை நம்பி நெடுந்தூரம் இறங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

காரணம் மூன்று. நம் மலைகளில் முதலில் ஏறுகிறோம். களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே முதலில் இறக்கம், அதுவும் காலைக் குளிரில். உடம்பு எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. ஏற்றம் தொடங்கும்போது கால் தளர்ந்திருக்கும், தண்ணீர் குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்கும். இரண்டாவது, இறங்க இறங்கச் சூடு கூடும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 டிகிரி. ஜூலையில் விளிம்பில் பகல் வெப்பம் 29 டிகிரி என்றால் அடியில் 41, பல நாட்களில் 43-ஐயும் தாண்டும். இது நிழலில் அளந்த கணக்கு. நீங்கள் நடப்பது வெயிலில். மூன்றாவது, கரும்பாறைச் சுவர்கள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மாலையானால் குறைந்துவிடும் என்று எண்ணிக் கிளம்ப முடியாது.

பாதைகளைப் பார்ப்போம். பிரைட் ஏஞ்சல் பாதை பாறைப் பிளவுக்கோடு ஒன்றை ஒட்டி, பக்கவாட்டுப் பள்ளம் ஒன்றுக்குள் வளைந்து இறங்குகிறது. அதனால் காலையிலும் மாலையிலும் ஆங்காங்கே நிழல் உண்டு. 2.4 கி.மீ.யில் முதல் ஓய்விடம், 4.8 கி.மீ.யில் இரண்டாவது. 7.2 கி.மீ.யில் ஹவாசுபாய் கார்டன்ஸ், ஓடைக்கரையில் 'காட்டன்வுட்' மரக் கூட்டம். அங்கே வாழ்ந்து வெளியேற்றப்பட்ட ஹவாசுபாய் மக்களின் பெயரை 2022-இல்தான் அந்த இடத்துக்கு வைத்தார்கள். நதிக்கரை முகாம் வரை 15 கி.மீ.க்குச் சற்று மேல்.

சவுத் கைபாப் பாதை பாறை முதுகின் மேலேயே போகிறது. இரு பக்கமும் திறந்த காட்சி, இதைவிட அழகான இறக்கம் அங்கே கிடையாது. ஆனால் நிழல் இல்லை, வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. 1.4 கி.மீ.யில் ஊ-ஆ பாயிண்ட், 2.4 கி.மீ.யில் கழிப்பறையுள்ள சீடர் ரிட்ஜ், 4.8 கி.மீ.யில் நதி முதன்முறை தெரியும் ஸ்கெலிட்டன் பாயிண்ட். இதன் தொடக்கத்துக்குச் சொந்த வண்டி போகாது. விடியற்காலை 'ஹைக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்' பஸ்ஸைப் பிடியுங்கள். நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், முந்தைய நாளே பார்த்து வையுங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு ஜூனில் நாங்கள் சொல்வது: விடியலில் தொடங்கிச் சீடர் ரிட்ஜ் வரை போய்வருவது. 345 மீட்டர் இறங்கி ஏற இரண்டு முதல் நான்கு மணி நேரம். அல்லது பிரைட் ஏஞ்சலில் இரண்டாவது ஓய்விடம். அது 645 மீட்டர், நான்கு முதல் ஆறு மணி நேரம். பத்து மணிக்குள் மேலே வந்துவிட வேண்டும், அல்லது நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்திலிருந்து நான்கு வரை வெயிலில் நடக்கவே கூடாது.

திரும்பும் இடத்தை மேலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், அதையும் தூரத்தில் அல்லாமல் நேரத்தில். ஏற, இறங்கியதைப்போல் இரு மடங்கு நேரம் வேண்டும். கையில் ஆறு மணி நேரம் இருந்தால் இரண்டாவது மணி முடிந்ததும், எங்கே நின்றாலும், திரும்ப வேண்டும். "அடுத்த வளைவு மட்டும்" என்பதுதான் எல்லோரையும் மாட்டவைக்கும் பேச்சு. நான்கு பேரில் மெதுவாக நடப்பவர் எவரோ, அவர் வேகமே குழுவின் வேகம். பிரிந்து போகாதீர்கள். விளிம்புக்குக் கீழே செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

தண்ணீர் நிறையக் குடித்தும் மயங்கி விழுகிறார்கள் என்று படித்தேன். அது எப்படி? (கோவை வாசகி)

கவனமான கேள்வி. தண்ணீர் போதாமல் விழுபவர்கள் ஒரு வகை. தண்ணீரை மட்டும் குடித்து விழுபவர்கள் இன்னொரு வகை.

சென்னையில் வேர்வை உடம்பிலேயே நிற்கும், வழியும். பாலைவனக் காற்றில் வந்ததும் காய்ந்துவிடுவதால் வேர்ப்பதே தெரியாது. சட்டையிலும் தொப்பிப் பட்டையிலும் வெள்ளையாக உப்பு பூத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த உப்பைத் திரும்ப உள்ளே அனுப்பாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. தலைவலி, குமட்டல், வாந்தி, விரல்கள் வீங்குதல், கடைசியில் குழப்பமான பேச்சு, வலிப்பு. இவற்றில் பல வெயில் களைப்பின் அறிகுறிகளோடு ஒத்திருப்பதால், கூட வருபவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள். அடிக்கடி நிறமில்லாத சிறுநீர் போகிறது, வயிறு முட்டக் குடித்திருக்கிறார், சரியாகச் சாப்பிடவில்லை என்றால் தண்ணீரை நிறுத்தி உப்பான தின்பண்டம் கொடுங்கள். பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ எந்தக் காரணமானாலும் அவசர நிலைதான். நிழலில் கிடத்தி, உடம்பு கொதித்தால் தலை முதல் கால்வரை நனைத்து விசிறி, 911-க்கோ பூங்காக் காவலரான ரேஞ்சருக்கோ தகவல் சொல்ல வேண்டும்.

அளவு: வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை முதல் ஒரு லிட்டர். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு நான்கு லிட்டர் கையில் இருக்கட்டும். பாதி ஓ.ஆர்.எஸ். கரைத்ததாக இருந்தால் நல்லது. ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், சுவைக்காக நீரைக் குறைக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளம்பும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

உணவில் நமக்கு வசதி அதிகம். முறுக்கு, காராசேவு, வறுத்த வேர்க்கடலை, ஊறுகாய் தடவிய சப்பாத்தி, அன்று காலை கிளறிய புளியோதரை எல்லாமே உப்பும் மாவுச்சத்தும் உள்ளவை, வெயில் தாங்குபவை. தயிர்சாதம் பைக்குள் புளித்து வீணாகும். இனிப்பு பார்களை மட்டும் நம்பி வருபவர்களுக்குச் சூட்டில் அவை தொண்டையில் இறங்காது. பசிக்கும்வரை காத்திராமல் மணிக்கொரு முறை நாலு வாயாவது சாப்பிடுங்கள்.

பாதையிலுள்ள குழாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரைட் ஏஞ்சலின் இரு ஓய்விடங்களிலும் கோடைகாலத்தில்தான் தண்ணீர் வரும், குளிரில் அடைத்துவிடுவார்கள். கோடையிலும் உறுதியில்லை. வடக்கு விளிம்புக்குக் கீழேயுள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து வரும் 20 கி.மீ. குழாய் 1960-களில் போட்டது. 2010-க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் உடைந்தபோது தெற்கு விளிம்பில் தங்கும் விடுதிகளையே மூட வேண்டியதாயிற்று. ஆகவே கிளம்பும் அன்று காலை எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று பூங்காவின் இணையதளத்திலோ விசிட்டர் சென்டரிலோ பார்த்துவிட்டே பாட்டிலின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். மேற்பகுதியில் ஓடையும் கிடையாது. வடிகட்டும் கருவி வைத்திருந்தாலும் ஹவாசுபாய் கார்டன்ஸுக்கு மேலே அதனால் பயனில்லை.

உடை, ஷூ எப்படி இருக்க வேண்டும்? டிசம்பரில் போனால்? (யாழ்ப்பாண வாசகர்)

கோடையில் தளர்வான பருத்திச் சட்டை, முழுக்கை. குழாயைக் கண்டபோதெல்லாம் சட்டையையும் தொப்பியையும் பிழியாமல் நனைத்துப் போடுங்கள். காய்கிற நேரமெல்லாம் உடம்பைக் குளிர்விக்கும். குளிர்காலத்தில் இதே பருத்தி ஆபத்து. ஈரமானால் காயாது, உடல் வெப்பத்தை இழுத்துவிடும். அப்போது கம்பளி அல்லது செயற்கை இழை.

ஷூ புதிதாக இருக்கக் கூடாது. கால்விரல் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் முட்டி, நகம் கறுத்துக் கழன்றுவிடும். கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே வழுக்காது. மண் அரிக்காமல் இருக்கப் பாதையின் குறுக்கே கட்டை போட்டுப் படியாக்கியிருக்கிறார்கள். அந்த உயரப் படிகள்தான் முழங்காலை வாட்டும். இரண்டு ஊன்றுகோல் பெரிய உதவி.

டிசம்பரில் விளிம்பு உறைநிலைக்கும் கீழே போகும். பிரைட் ஏஞ்சலின் மேற்பகுதி நிழலில் இருப்பதால் பனி மிதிபட்டு மிதிபட்டுக் கண்ணாடி மாதிரி இறுகி, மார்ச் வரைகூடக் கிடக்கும். ஷூவின் மேல் மாட்டும் இரும்பு முள் பட்டை இல்லாமல் இறங்காதீர்கள். வில்லேஜ் கடையிலேயே கிடைக்கும். சூரியன் ஐந்தே காலுக்கு மறைந்துவிடும், தலையில் மாட்டும் விளக்கு அவசியம்.

பாதையில் கோவேறு கழுதைகள் வந்தால் என்ன செய்வது? அணில்களுக்குத் தீனி போடலாமா? (பெங்களூர் வாசகி)

கழுதைகளுக்கே முன்னுரிமை. பாதையின் மலைப்பக்கம், அதாவது பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம், ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள். ஓட்டுபவர் சொல்வதைக் கேளுங்கள். கடைசிக் கழுதை 15 மீட்டர் தாண்டும்வரை நகரக் கூடாது.

அணிலுக்கு எதுவும் போடாதீர்கள். பழகிவிட்ட அணில்கள் விரலைக் கடித்துக் குதறும், பையைக் கிழிக்கும். தீனி போடுவது சட்டப்படி குற்றமும்கூட.

அங்கே விஷ்ணு கோயில், சிவன் கோயில் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? (காஞ்சிபுரம் வாசகர்)

வழிபாட்டுத் தலம் எதுவும் இல்லை. அவை பள்ளத்தாக்குக்குள் தனித்து நிற்கும் பாறைக் கோபுரங்களின் பெயர்கள். 1880-களில் இப்பகுதியை ஆராய்ந்த புவியியலாளர் கிளாரன்ஸ் டட்டன், அவை கீழைநாட்டுக் கோயில் கட்டடக் கலையை நினைவூட்டியதால் இப்படிப் பெயர் வைக்கத் தொடங்கினார். விஷ்ணு டெம்பிள், பிரம்மா டெம்பிள், சிவா டெம்பிள், கிருஷ்ணா ஷ்ரைன், ராமா ஷ்ரைன் எல்லாம் வரைபடத்தில் உண்டு. விஷ்ணு டெம்பிள் ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரம். தெற்கு விளிம்பின் கிழக்குச் சாலையில் போகும்போது நன்றாகத் தெரியும். பள்ளத்தாக்கின் அடியில், 170 கோடி ஆண்டுக்கும் மேல் பழமையான கரும்பாறைக்கும் 'விஷ்ணு சிஸ்ட்' என்றே பெயர். உச்சியிலுள்ள கைபாப் சுண்ணாம்புப் பாறையின் வயது 27 கோடி ஆண்டு. இத்தனையையும் கொலராடோ நதி அறுத்து இறங்கியது கடந்த ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகளில்.

ஆகஸ்டில் ஆன்டலோப் கேன்யனையும் சேர்த்துப் பார்க்க நினைக்கிறோம். மழை வருமா? (சிங்கப்பூர் வாசகி)

வரும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை அங்கே பருவமழை. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து, பிற்பகலில் இடியுடன் கொட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவென்றால் விளிம்பிலிருந்தும் தனிமரத்தடியிலிருந்தும் விலகி, பஸ்ஸுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

ஆன்டலோப் கேன்யன் பேஜ் ஊருக்கு அருகே, நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது. வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும். கையை நீட்டினால் இரு சுவரும் தொடும் அளவுக்கு ஒடுக்கமான இடங்கள் உண்டு. 1997 ஆகஸ்டில் தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் அதற்குள் பாய்ந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். தலைக்கு மேல் நீலவானம் இருந்தாலும் வழிகாட்டி பயணத்தை ரத்து செய்தால் வாதாடாதீர்கள்.

நேரக் குழப்பம் ஒன்று உண்டு. அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதில்லை, நவஹோ நிலத்தில் தள்ளுகிறார்கள். நவஹோ நிலத்திலுள்ள கேமரன் ஊர் வழியாகப் பேஜ் போகும்போது செல்போன் தானாக ஒரு மணி நேரம் தாவலாம். ஆன்டலோப் முன்பதிவு அரிசோனா நேரப்படிதான். அதனால் அரிசோனாவின் தலைநகரான ஃபீனிக்ஸின் நேரம் என்று கையால் மாற்றி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன்பதிவு செய்த நேரம் தவறிவிடும்.

பள்ளத்தாக்கின் அடியில் ஓர் இரவு தங்க வழி உண்டா? (மதுரை வாசகர்)

இரண்டு வழி. நதிக்கருகில் 1922-இல் மேரி கோல்ட்டர் வடிவமைத்த ஃபான்டம் ரான்ச் விடுதிக்குப் பதினைந்து மாதம் முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். கூடாரம் போட்டுத் தங்குவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். முதல் வாய்ப்புக்கான குலுக்கல் நான்கு மாதம் முன்பு நடக்கும். பகலில் இறங்கி ஏறுபவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. அக்டோபர், ஏப்ரல் மாதங்களைக் குறிவையுங்கள். இறங்க சவுத் கைபாப், மறுநாள் ஏற பிரைட் ஏஞ்சல். செங்குத்தான, நீரில்லாத பாதையில் இறங்கி, நிழலும் ஓடையும் உள்ள பாதையில் ஏறுவதே சரி. காரை வில்லேஜிலேயே விட்டுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் தொடக்கத்துக்குப் போனால், மறுநாள் ஏறி முடிக்கும் இடம் காருக்குப் பக்கத்திலேயே இருக்கும்.